ரெண்டாம் டிகாஷன்

நல்ல காப்பிக்கு என்ன ஃபில்டர் வாங்கலாம், சிக்கரி எவ்வளவு போடலாம் என்று யாராவது என்னிடம் கேட்டால் எனக்குக் குமட்டும். சொல்லத் தெரியாமல் இல்லை. அந்தப் பேச்சை எடுத்தாலே நாக்கின் அடியில் பித்தளை ருசி ஊறிவிடும். த்தூ!

திருமுல்லைவாயிலில் நான் வாழ்க்கைப்பட்டு அப்போது நாலு வருஷம். அறுபதுகளின் கடைசி. வீட்டில் நான், அவர், மாமியார். அவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் டர்னர், லேத் மெஷின் முன்னால் நிற்கிற உத்தியோகம். எனக்கு வயிறு திறக்கவில்லை. அந்த ஒரு குறையை வைத்துத்தான் அந்த வீட்டில் என் சோறு, தண்ணி, காப்பி எல்லாமே.

காப்பிக்கு ஒரு வரிசை உண்டு. முதல் டிகாஷன் மகனுக்கும் தாய்க்கும். அதே தூளின் மேல் மறுபடி வெந்நீர் ஊற்றினால் இறங்குகிற ரெண்டாம் டிகாஷன் எனக்கு. அதுவும் உடனே இல்லை. சமைத்து, அவரை ஷிப்ட்டுக்கு அனுப்பி, துணி துவைத்து நான் உட்காரப் பதினோரு மணி ஆகும். அதுவரை அது ஃபில்டரின் அடிப்பாத்திரத்திலேயே கிடக்கும்.

அந்தப் பித்தளை ஃபில்டர் என் அப்பா பூந்தமல்லியில் வாங்கிச் சீரில் வைத்தது. தூளை ரொம்ப அமுக்காமல் பரப்பி, கொதிக்கிற தண்ணியைச் சுற்றி ஊற்றிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டும். தானே இறங்கும். அவருக்கு அந்தப் பொறுமை ஏது? "இது சொட்டிக்கினு கீற வேகத்துக்கு நான் ஷிப்ட்டே முடிச்சிட்டு வந்துடுவேன்" என்று ஒருநாள் அதைத் துணிப்பையில் சுருட்டிக் கம்பெனிக்கு எடுத்துப் போய்விட்டார். டிரில் போட்டு ஓட்டைகளைப் பெரிசாக்கினார். அதோடு விட்டாரா மகராசன்? உள்ளே மங்கலாக இருந்த பூச்சை அழுக்கு என்று நினைத்து, லேத்தில் மாட்டி, உப்புத்தாளால் தேய்த்துத் தங்கம் மாதிரி பண்ணிக் கொண்டுவந்தார். அது ஈயம். புளி ஊற்றுகிற பாத்திரத்துக்குத்தான் ஈயம் வேண்டும், காப்பிக்கு எதற்கு என்று நானும் சும்மா இருந்துவிட்டேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்கணும்.

அதற்கப்புறம் அந்த வீட்டுக் காப்பி காப்பியாகவே இல்லை. ஓட்டை வழியாகத் தூளும் சேர்ந்து இறங்கி, டம்ளர் அடியில் சேறு. "இப்ப பாரு, இன்னா ஸ்பீடு!" என்று மீசையில் ஒட்டின தூளை நாக்கால் துழாவித் துழாவிச் சப்புவார். சீ, கர்மம், பார்க்கச் சகிக்காது. எனக்கு வருவதோ, நாலு மணி நேரம் பித்தளையில் ஊறி, செப்புக்காசை வாயில் போட்டுக்கொண்டது போல ஒரு கசப்பு. அதையும் கொட்ட மனசு வராமல் குடித்துத் தொலைத்தேன்.

இருபது நாளில் வாந்தி ஆரம்பித்தது. ஒருநாள் கிணற்றடியில் குனிந்து ஓங்கரித்துக்கொண்டிருந்தேன். மாமியார் ஓடிவந்து என் முதுகை நீவிவிட்டாள். நாலு வருஷத்தில் அந்தக் கை என் மேல் பட்டது அதுதான் முதல் தடவை. "எத்தினி நாளு தள்ளிக்கீது?" என்றாள். "பத்து நாள்" என்றேன். எனக்கு எப்போதுமே அப்படித் தள்ளும். அதைச் சொல்லவில்லை. எனக்கும் ஆசை இருக்காதா?

மறுநாளிலிருந்து முதல் டிகாஷன் எனக்கு. எழுந்து உட்காருவதற்குள், மாமியார் கையால், சுடச்சுட. ரெண்டாம் டிகாஷனை யாரும் தொடவில்லை. அவர் ஆவடியிலிருந்து அல்வா வாங்கி வந்தார். வாந்தியும் நின்றுபோனது. "பாத்தியா, புள்ளைக்கு ஒத்துக்கிச்சு" என்று மாமியார் தெருவெல்லாம் சொன்னாள். நானும் வயிற்றைத் தடவிக்கொண்டு அலைந்தேன். நினைத்தால் இன்றைக்கும் உடம்பு கூசுகிறது.

ஒரு வாரம் போயிருக்கும். ஈயம் பூசுகிற பாய் எங்கள் தெருவுக்கு வந்தார். மாமியார் அள்ளிக் கொண்டுபோய்ப் போட்ட பாத்திரங்களோடு ஃபில்டரும் போய்விட்டது. பாய் அதைத் திறந்து பார்த்தார். அடியில் பச்சைப் பசேலென்று களிம்பு.

"இன்னாம்மா இது, உள்ள ஈயமே இல்லியே! இதுல டிகாஷன ஊற வெச்சா வெசமாச்சே. ஊட்ல யாருக்கும் வாந்தி வர்லியா?"

மாமியார் என் முகத்தைப் பார்க்கவில்லை, வயிற்றைப் பார்த்தாள். "அப்போ ஒண்ணும் இல்லியா?" என்றாள். களிம்பைக் குடித்தாயே, உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வார்த்தை? ம்ஹூம்.

மூணாம் நாள் நான் தூரமானேன். கொல்லையில் தனியாக உட்கார்ந்து அழுதேன், வாய்விட்டு அழுதேன். சாயங்காலம் வேலை முடிந்து வந்தவர் தள்ளி நின்று, "அதான் ஈயம் பூசியாச்சில்ல, இன்னும் இன்னாத்துக்கு அழுதுகினு கீறே?" என்றார். அந்த மூஞ்சியைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

தலைக்கு ஊற்றிக்கொண்டு நான் மறுபடி அடுப்படிக்குள் வந்த காலையில், முதல் டிகாஷன் இறங்கித் தயாராக இருந்தது. பக்கத்தில் மாமியார் ரெண்டே ரெண்டு டம்ளர் எடுத்து வைத்திருந்தாள். நான் ஒன்றில் டிகாஷனை ஊற்றி, பாலைக் கலந்து, சர்க்கரை போட்டு, அவள் எதிரிலேயே நின்று குடிக்க ஆரம்பித்தேன்.

"இப்ப எதுக்குடி உனக்கு அது?" என்றாள்.

"குடிக்கத்தான்" என்றேன்.