வெள்ளக் கோட்டுக்குள் ஒரு வீடு

நஃபீஸத்தை எனக்குப் பிடிக்காது. ஆபீசில் யாருக்குமே பிடிக்காது. ஆனால் மற்றவர்கள் பயந்துகொண்டு பிடிக்காதவர்கள், நான் காரணத்தோடு பிடிக்காதவள். வண்ணார்பேட்டையில் ஒரு பேக்கரிக்கு மேல் மாடியில் எங்கள் ஆபீஸ். அரசாங்கம் கேட்கிற வரைபடங்களைக் கம்ப்யூட்டரில் போட்டுக் கொடுக்கிற ஒப்பந்த வேலை. சாட்டிலைட் படத்தை விரித்து வைத்துக்கொண்டு அதன்மேல் மவுஸால் புள்ளி புள்ளியாகத் தட்டிக் கோடு இழுப்போம். ரோடும் வாய்க்காலும் வெறும் கோடு. குளம், வயல், வீடு என்றால் கோட்டைச் சுற்றிக் கொண்டுவந்து தொடங்கிய புள்ளியிலேயே மூட வேண்டும். மூடினால்தான் அது பாலிகன்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு குளத்தை மூடாமல் விட்டுவிட்டேன். இடைவெளி வெறும் கண்ணுக்குத் தெரியாது, படத்தை நன்றாகப் பெரிதாக்கினால்தான் தெரியும். நஃபீஸத் பெரிதாக்கிப் பார்த்தாள். பார்த்தவள் என் பக்கத்தில் வந்து மெதுவாகச் சொல்லியிருக்கலாம். தன் நாற்காலியில் இருந்தபடியே ரூம் முழுக்கக் கேட்கும்படி, "ஜாய்சி, உன் குளத்துல தண்ணி ஒழுகுது, வந்து அடை" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நான் கூடங்குளத்துப் பக்கம் கடற்கரையில் பிறந்தவள். எங்கள் வீட்டுப் பெண்கள் சண்டையைக் கண்டு ஓடியதில்லை. "முதல்ல உன் வாயை அடை" என்றேன். அன்றிலிருந்து எனக்கும் அவளுக்கும் ஆகாது.

அவள் கதையை அவள் சொல்லி நான் கேட்டதில்லை. கீழே பேக்கரியில் பில் போடுகிற பெண் அவள் தெருக்காரி. பன் வாங்கப் போனால் கதையும் சேர்ந்து வரும். அம்பாசமுத்திரம் பஸ்ஸில் ஏறி வாய்க்கால் பாலத்தில் இறங்கினால் அந்தத் தெரு. ஒரு பக்கத்து வீடுகளுக்குப் பின்னால் தாமிரபரணியிலிருந்து பிரிந்து வருகிற வாய்க்கால் ஓடுகிறது. வரிசையின் கடைசி வீடு நஃபீஸத் பிறந்த வீடு. வாப்பாவும் உம்மாவும் மவுத்தான பிறகு அங்கே அவளும், அண்ணன் காஜா முகைதீனும், அவன் மனைவி ஆபிதா பீவியும், அவர்கள் மகளும். காஜா முகைதீன் துபாயில் இருந்து திரும்பி வந்து ஜவுளிக்கடை வைத்தவன். என்னைவிட மூத்தவன்தான், இருந்தாலும் அவனை ‘அவர்’ என்று எழுத எனக்கு மனம் வரவில்லை.

ஏன் என்று சொல்கிறேன். நஃபீஸத்தைப் பெண் கேட்டு ஒரு வீட்டார் வந்தார்கள். வேலையை விட்டுவிட வேண்டும் என்றார்கள். அவள் மாப்பிள்ளையை விட்டாள். காஜா முகைதீனுக்குத் தலைக்கு மேல் ஏறிவிட்டது. "கம்ப்யூட்டர்ல கோடு போடுத வேலை பெருசா, குடும்பம் பெருசா?" என்று கேட்டான். "கோடுதான்" என்று பதில் வந்தது. மறுநாள் அவள் ஆபீஸ் முடிந்து போனபோது அவளுடைய பெட்டியும் துணிமூட்டையும் தெருவில் கிடந்தன. தெருவே வாசலுக்கு வந்து வேடிக்கை பார்த்தது. எதிர்வீட்டு ரசீத் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தாராம்.  அவள் பெட்டியை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வண்ணார்பேட்டையில் ஒரு பெண்கள் விடுதிக்கு வந்து சேர்ந்தாள். அதற்குப் பிறகு அந்த வீட்டுப் பக்கம் போகவில்லை.

இதைக் கேட்டு எனக்கு இரக்கம் வந்தது. மறுநாள் காலையில் நான் போட்ட ரோடு ஒன்றைப் பார்த்து, "இதுல பஸ் போனா நேரா கிணத்துக்குள்ளதான் போவும்" என்றாள். வந்த இரக்கம் போய்விட்டது.

அப்புறம் அந்த மழை வந்தது. ஆறு கரை மீறி வயல், ரோடு, வீடு என்று பார்க்காமல் நுழைந்தது. தண்ணீர் வடிந்த பிறகு எங்களுக்கு வேலை வந்தது. வெள்ளம் எதுவரை வந்தது என்று படத்தில் ஒரு கோடு போட வேண்டும். கோட்டுக்குள் இருக்கிற வீடுகளுக்கு இடிந்ததைக் கட்டிக்கொள்ள உதவி கிடைக்கும். வெளியே இருக்கிற வீட்டுக்கு ஒன்றும் கிடையாது. அளவெடுக்கிற ஆட்கள் தெருத் தெருவாகப் போய், சுவரில் சேற்றுக் கறை இருக்கிற இடங்களில் கருவியை வைத்துப் புள்ளி எடுத்து வந்தார்கள். அந்தப் புள்ளிகளைச் சேர்த்துக் கோடாக்கி மூடுவது எங்கள் பாடு. மேனேஜர் பிச்சையா சார் வரிசையாகப் பிரித்துக் கொடுத்தார். நஃபீஸத்தின் பங்கில் அவள் தெரு வந்தது. அவள் வேண்டாம் என்றும் சொல்லவில்லை, இது என் தெரு என்றும் சொல்லவில்லை.

அந்தத் தெருவில் இரண்டே புள்ளிகள். ஒன்று பாலத்தடியில், இன்னொன்று தெருமுனையில். இரண்டையும் நேராகச் சேர்த்தால் காஜா முகைதீனின் வீடு வெளியே போய்விடும். பெட்டியைத் தெருவில் எறிந்தவனுக்கு அதைவிட நல்ல பதில் கிடைக்குமா? யாரும் அவளைக் குற்றம் சொல்லவும் முடியாது, கொடுத்த புள்ளியைத்தானே சேர்த்தாள் என்று போய்விடும். நானாக இருந்தால் இரண்டு தட்டு தட்டிவிட்டுப் பன் தின்னப் போயிருப்பேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

அவள் கோட்டை வளைத்தாள். பாலத்துப் புள்ளியிலிருந்து வாய்க்கால் ஓரமாகவே கொண்டுபோய், அந்தக் கடைசி வீட்டைச் சுற்றி உள்ளே எடுத்துக்கொண்டு தெருமுனைக்கு வந்தாள். அந்த வீட்டின் பின்பக்கம் பள்ளம். வீடு கட்ட மண் எடுத்த குழியை வாப்பா மூடாமல் அதையே புழக்கடை ஆக்கிவிட்டார். முன்வாசல் காய்ந்து கிடந்தாலும் பின்வழியாகத் தண்ணீர் அடுப்படிக்கு வந்துவிடும். அளவெடுக்க வந்தவர்கள் தெருவோடு பார்த்துவிட்டுப் போனவர்கள். அங்கே வளர்ந்தவளுக்குத்தான் அது தெரியும்.

படத்தை ஊர்ச்சாவடிச் சுவரில் ஒட்டினார்கள். ஒட்டிய அன்றே காஜா முகைதீன் டீக்கடையில் நின்று, "எந்தங்கச்சி போட்ட கோடு வே. என்னதான் சண்டைன்னாலும் ரத்தம் விடுமா?" என்று எல்லோரிடமும் சொல்லியிருக்கிறான். இருக்கிற பகை போதாதென்று வாயாலும் அவளைக் கெடுத்தான். எதிர்வீட்டு ரசீத்தின் வீடு மேட்டில் இருக்கிறது. தண்ணீர் அவர் படியைக்கூடத் தொடவில்லை. ஆனாலும் மனிதருக்குப் பொறுக்கவில்லை. நேரே எங்கள் மாடிக்கு ஏறி வந்துவிட்டார்.

"ஊருக்கெல்லாம் கோடு நேராப் போவுது. காஜா வீடு வந்தா மட்டும் வளையுது. அது என்ன கோடா, பாம்பா? தங்கச்சிக்காரி இங்கன உக்காந்துக்கிட்டு அண்ணனுக்கு வளைச்சுக் கொடுக்கா!" என்று கத்தினார். நஃபீஸத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. காது மட்டும் சிவந்துவிட்டது.

அவர் போனதும் பிச்சையா சார் அவளைக் கூப்பிட்டார்.

"எதை வச்சு வளைச்சே? அங்கன புள்ளி இல்லையே."

"எனக்குத் தெரியும் சார்."

"உனக்குத் தெரியும்ங்கதை மேப்ல எப்படிம்மா காட்டுதது? பேசாம நேராக்கிடு."

"நேராக்கினா பொய் சார்."

"அப்போ புள்ளியைக் கொண்டா. இல்லேன்னா சொந்தக்காரனுக்காக வளைச்சாள்னு எழுதி உன்னை அனுப்பத்தான் வேணும். இந்தப் பேரோட வெளிய போனா வேற எங்கயும் உனக்கு வேலை கிடையாது, பாத்துக்கோ."

அவள் தன் இடத்துக்கு வந்து உட்கார்ந்தாள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "உன்னைத் தெருவுல விட்டவனுக்காகவா வேலையை விடப் போறே?" என்று கேட்டேன். "அவனுக்காகன்னு யாரு சொன்னா? கோடு என்னுது" என்றாள். என் முகத்தைப் பார்த்து அவள் குறை சொல்லாமல் பேசிய முதல் பேச்சு அதுதான்.

மறுநாள் காலையில் பிச்சையா சார் மூன்று பேரை அனுப்பினார். புள்ளி எடுக்க அளவெடுக்கிற ஆட்களில் ஒருவனான செல்வமணி, இடத்தைக் காட்ட நஃபீஸத், சாட்சிக்கு நான். எனக்கும் அவளுக்கும் ஆகாது என்று ஊருக்கே தெரியும். அதனால் நான் அவளுக்காகப் பொய் சொல்ல மாட்டேன் என்று பிச்சையா சார் கணக்குப் போட்டார், சரியான கணக்குதான். கிளம்பும்போது அவளிடம், "நீ வீட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது. வச்சா குடும்பத்தோட சேந்து செஞ்சதுன்னு ஆயிடும், எடுத்த புள்ளி செல்லாது. ஜாய்சி, வச்சாள்னா எனக்கு எழுதிக் கொடு" என்றார்.

"அங்கன போக யாரு துடிக்கா?" என்றாள் நஃபீஸத்.

வாய்க்கால் கரையோடு நடந்து பின்பக்கமாகப் போனோம். புழக்கடைச் சுவர் வெள்ளத்தில் விழுந்து அஸ்திவாரக் கல் மட்டும் வரிசையாகத் தெரிந்தது. அடுப்படிச் சுவரிலும் ஒரு பக்கம் பெயர்ந்து தார்ப்பாய் கட்டியிருந்தது. நஃபீஸத் அஸ்திவாரக் கல்லுக்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டாள். செல்வமணி உள்ளே போய்ச் சுவரைப் பார்த்தான். தடவிப் பார்த்தான். சுவர் பளிச்சென்று வெள்ளையாக இருந்தது.

"இங்கன ஒரு கறையும் இல்லையே" என்றான்.

மகளைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்று காஜா முகைதீன் போன வாரம்தான் வீடு முழுக்க வெள்ளையடித்திருக்கிறான். இடிந்ததைக் கட்ட வழியில்லை, இருப்பதையாவது வெளுப்பாகக் காட்டலாம் என்ற நினைப்பு. சத்தம் கேட்டு வெளியே வந்தவன் தங்கையைப் பார்த்ததும் நின்றுவிட்டான். எங்கிருந்தோ மூக்கில் வியர்த்து ரசீத்தும் வந்து சேர்ந்தார். கையைக் கட்டிக்கொண்டு, "நான் சொன்னேம்லா" என்றார்.

எனக்குக் காஜா முகைதீன்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சமில்லை. "அண்ணாச்சி, கறை இருந்தாத்தான் உதவி. அதை நீங்களே காசு கொடுத்து அழிச்சிட்டீங்க. உங்க வீட்டோட இவ வேலையும் போச்சு" என்றேன். நேரில் மட்டும் அண்ணாச்சி. அவன் சுவரைப் பார்த்தான், தங்கையைப் பார்த்தான். அப்போதுதான் அவன் மண்டையில் ஏறியது. ஆபிதா பீவி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நஃபீஸத் அவர்கள் யாரையும் பார்க்கவில்லை. செல்வமணியிடம்தான் பேசினாள்.

"அண்ணே, அடுப்படிக்குள்ள போங்க. இடது கைப்பக்கம் ஒரு ரூம். நுழையும்போது ஒரு படி கீழ இறங்கும், பாத்து. சன்னலுக்கு அடியில சுவத்துல பதிச்ச அலமாரி இருக்கும். கீழ்க்கதவு இழுத்தா வராது. பைய மேல தூக்கி, அப்புறம் இழுங்க. உள்பக்கம் பாருங்க. அதுக்குள்ளல்லாம் யாரும் வெள்ளையடிக்க மாட்டாங்க."

செல்வமணி போனான். சாட்சி என்பதால் நானும் பின்னால் போனேன். அந்த ரூமில் கடையில் விலைபோகாத சேலைப் பொதிகள் குவிந்து கிடந்தன. படி இருந்தது. அலமாரி இருந்தது. கீழ்க்கதவு இழுத்தால் வரவில்லை, தூக்கியதும் வந்தது. உள்ளே சுவரில், முழங்கால் உயரத்துக்கும் மேலே, காய்ந்த சேறு ஒரே மட்டமாகக் கோடு போட்டிருந்தது. செல்வமணி டேப்பில் உயரத்தை அளந்துகொண்டான். ரசீத்தும் தலையை நுழைத்து, விரலால் சேற்றைச் சுரண்டி மூக்கில் வைத்துப் பார்த்தார். ஆற்றுச் சேறேதான். ஆளைக் காணோம்.

உள்ளே கருவிக்குச் சிக்னல் கிடைக்காது என்று செல்வமணி வெளியே வந்து சுவரை ஒட்டி நின்று புள்ளி எடுத்தான். அவள் வளைத்த கோட்டுக்கு உள்ளேதான் விழுந்தது. நான் போனில் அவளுக்குக் காட்டினேன். சரி என்று தலையாட்டினாள், அவ்வளவுதான். ஒரு நன்றி கிடையாது. நான் எதிர்பார்க்கவும் இல்லை.

காஜா முகைதீன் பைய நடந்து அஸ்திவாரக் கல் வரை வந்தான். கதவைத் தூக்கித் திறக்க வேண்டும் என்று அவள் சொன்னதிலிருந்தே அவன் முகம் சரியில்லை.

"நஃபீஸா, உள்ள வாளா. உன் ரூமைக் காலி பண்ணித் தாரேன். நான் செஞ்சது தப்பு. எல்லாரும் பாக்கச் சொல்லுதேன், தப்புதான்."

உதவி கிடைக்கும் என்றானதும் நாக்கு இனிக்கிறது பார் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அவன் தோள் துண்டை எடுத்து, அவள் கால் வைக்க அந்தக் கல்மேல் இருந்த சேற்றைத் துடைத்தான். அதை நடிப்பு என்று சொன்னால் எனக்கே அடுக்காது. அவன் பின்னால் ஆபிதா பீவி, "வா பிள்ள, ஒரு வாய் டீயாச்சும் குடிச்சிட்டுப் போ" என்றாள்.

நஃபீஸத் அவனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள்.  இத்தனை வருஷத்தில் அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை, அன்றைக்குக் கேட்டாள், வாயைத் திறக்காமல். நான் வாய்க்கால் பக்கம் திரும்பி ஒரு கொக்கைப் பார்த்திருக்கலாம், அவள் உள்ளே போனது எனக்குத் தெரியாமல் போயிருக்கும். திரும்பவில்லை. சாட்சி சொல்லத்தானே என்னை அனுப்பினார்கள்? என் இடத்தில் அவள் இருந்தால் அவளும் திரும்பியிருக்க மாட்டாள்.

அவள் அவனிடம் சொன்னாள். "தண்ணி உள்ள வந்துச்சு. வந்ததைப் போட்டேன். இப்ப நான் உள்ள வந்தா, உங்களுக்காகப் போட்டதுன்னு ஆயிடும்."

"ஆவட்டும்ளா. யாரு என்ன சொன்னா நமக்கு என்ன?"

"எனக்கு ஆவாது, காக்கா."

அண்ணனை அவர்கள் வீட்டில் காக்கா என்றுதான் கூப்பிடுவார்களாம். அந்தச் சொல்லைக் கேட்டதும் அவன் அந்தக் கல்மேலேயே உட்கார்ந்துவிட்டான். அவள் செருப்பில் ஒட்டிய சேற்றைக் கரைப் புல்லில் தேய்த்துவிட்டு, எங்களுக்கு முன்னால் பஸ் ஸ்டாப்பைப் பார்த்து நடந்தாள்.