மூன்றாம் வரிசையில் அன்ரி

ஒடென்சே நூலகத்தில் மாதம் ஒரு சனிக்கிழமை கொலம்பியாக்காரக் கவிஞன் ஒருவன் கவிதை மேடை நடத்துகிறான். ஆண்களைக் காதலித்ததையும் அதற்காகத் தகப்பனிடம் வாங்கிய அடியையும் சொல்லி அழவைப்பான். நாங்கள் கண்ணைத் துடைக்குமுன், தன்னைப் போல ஓடிவந்தவர்களைத் திருப்பி அனுப்பாதே என்ற மனுவில் கையெழுத்தும் வாங்கிவிடுவான்.

"நீயும் உன் மொழியில் சொல், காயம் ஆறும்" என்றான்.

முப்பத்தைந்து வயதுவரை அம்மாவுக்குச் சொல்லாத விஷயம். ஆனால் தமிழில் சொன்னால் அங்கே யாருக்கு விளங்கும்? வீரனாகவும் ஆகலாம், அகப்படாமலும் இருக்கலாம். என் மூளை இப்படித்தான் வேலை செய்யும்.

மேடையேறிப் பார்த்தால், மூன்றாம் வரிசையில் அன்ரி! தேவாலயத்துத் தமிழ்ப் பூசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பாடுகிற அவருடைய சிநேகிதி. தான் பராமரிக்கும் டேனிஷ் மூதாட்டியைச் சக்கர நாற்காலியில் கூட்டி வந்திருந்தார். கையசைத்தார்.

டேனிஷுக்கு மாறலாமென்றால், அதுவும் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு. பயத்தில் வாய் தானாகத் திறந்தது.

"மதிப்புக்குரிய நடுவர் அவர்களே! சபையோரே!"

தமிழ்ப் பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் மனப்பாடம் செய்த தொடக்கம். வலக்கையும் கூடவே உயர்ந்துவிட்டது. டேனிஷ்காரர்கள் பயபக்தியோடு பார்த்தார்கள். அன்ரி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

இறங்கி ஓடியிருப்பேன், படியடியில் கொலம்பியாக்காரன் நின்றான். வாசித்தேன். 'நான் நேசிப்பவனுக்கு மீசை உண்டு' என்ற வரியில் அன்ரியின் சிரிப்பு நின்றது. மீதியைத் தாளைவிட்டுத் தலை நிமிராமல் முடித்தேன்.

கதவடியில் அன்ரி என்னைப் பிடித்துக்கொண்டார்.

"உண்மையோ தம்பி, இல்லாட்டிச் சும்மா கவிதைக்கு எழுதினதோ?"

பொய் சொல்ல அருமையான இடம். இருபது வருட அனுபவமும் இருந்தது.

"உண்மை அன்ரி."

"அம்மாவுக்குத் தெரியுமோ?"

"இல்லை."

நாற்காலியின் பிடியை இறுக்கினார். "நானாச் சொல்லமாட்டன். ஆனா நாளைக்குப் பூசையில கொம்மா என்னைப் பாத்தா, என்ர முகமே சொல்லிப்போடும். இண்டைக்கே போய்ச் சொல்லு."

"என்னெண்டு தொடங்கிறது?"

"நடுவர் அவர்களே எண்டு மட்டும் தொடங்காத."

ட்ராமில் ஏறினேன். அம்மாவின் வீட்டுக்கு முன்னாலேயே தரிப்பிடம். இறங்கவில்லை. கடைசிவரை போய்த் திரும்பி வந்தபோதும் கால் எழும்பவில்லை. மூன்றாம் தரம் அங்கே நின்றபோது கைபேசி அடித்தது.

"யன்னலால பாத்துக்கொண்டு நிக்கிறன்" என்றார் அம்மா. "ரெண்டுதரம் வீட்டைத் தாண்டிப் போட்டாய். இறங்கப் போறியோ, இல்லையோ?"

கதவு மூடுவதற்குள் இறங்கினேன்.