மாமாவின் இடது கை

ஒன்பது வயதில் எனக்கு ஓர் உத்தியோகம் கிடைத்தது. அதை நான் பார்த்த லட்சணத்தை இதுவரை யாரிடமும் முழுதாகச் சொன்னதில்லை.

அம்மாவின் தம்பி, அதாவது என் மாமா, மில்லில் வேலை பார்த்தார். ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தின் தோல் பெல்ட் ஒருநாள் அறுந்து அவர் முகத்தில் அடித்துவிட்டது. தாடை உடைந்து, வலது கை முறிந்து, ஆஸ்பத்திரியில் கிடந்தார். தாடையைச் சேர்த்துக் கட்டியிருந்ததால் பேச முடியாது. கண் இரண்டும் வீங்கி மூடிவிட்டன. தலை அசையக் கூடாதென்று இருபுறமும் மணல் மூட்டை வைத்திருந்தார்கள். அசைக்க முடிந்தது இடது கை ஒன்றுதான். முனகல் மட்டும் வந்துகொண்டே இருந்தது. அது வலியா, தாகமா, வெறும் மயக்கமா என்று யாருக்கும் தெரியவில்லை.

பிரெஞ்சுக்காரர்கள் எங்கள் ஊரை விட்டுக் கப்பலேறி இரண்டு வருஷமாகியும் அந்த வார்டைப் பார்த்துக்கொண்டது ஒரு பிரெஞ்சுக் கன்னியாஸ்திரீதான். மசேர் என்று கூப்பிடுவோம். அவருக்குத் தெரிந்த தமிழ் ‘தண்ணி’, ‘சும்மா இரு’ இரண்டும்தான். அம்மாவுக்கு அந்த அளவு பிரெஞ்சுகூடக் கிடையாது. ஆனால் கான்வென்டில் படிக்கும் மகள் இருந்தாளே.

“எம் பொண்ணு பிரெஞ்சு நல்லா பேசும் மசேர்” என்று அம்மா என்னை முன்னே தள்ளினாள். அது மசேருக்குப் புரியவில்லை. அதையும் நானே மொழிபெயர்த்தேன், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

மசேர் ஓர் ஏற்பாடு செய்தார். மாமாவின் இடது கையை நான் பிடித்துக்கொள்ள வேண்டும். மசேர் கட்டிலின் கால்மாட்டில் நின்று கேட்பார். அதை நான் மாமாவிடம் தமிழில் கேட்க வேண்டும். வலித்தால் அவர் என் கையை அழுத்துவார். அழுத்தினால் நான் ‘வீ’, அதாவது ஆமாம், இல்லையென்றால் ‘நோன்’ என்று சொல்ல வேண்டும். வலி என்றால் மசேர் ஊசி போடுவார்.

முதல் நாள் ஒழுங்காகச் சொன்னேன். ஊசி போட்டதும் முனகல் அடங்கி மாமா தூங்கிப்போனார்.

“மாமாதான் தூங்குதே, நீ ஊட்டுக்குப் போயி தம்பியப் பாத்துக்க” என்று அம்மா என்னை நெல்லித்தோப்புக்கு அனுப்பிவிட்டாள். வார்டே வாயைப் பிளந்து என் பிரெஞ்சைக் கேட்ட பிறகு, வீட்டில் உட்கார்ந்து தூளி ஆட்டுவது எனக்குப் பிடிக்கவில்லை.

மறுநாள் மசேர் வந்தார்.

“மாமா, வலிக்குதா? வலிச்சா அமுத்துங்க.”

அழுத்தினார்.

“நோன்” என்றேன்.

மசேர் அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார். மாமா இன்னும் பலமாக அழுத்தினார். ஊசியிலிருந்து தப்ப வைத்ததற்கு நன்றி சொல்கிறார் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மத்தியானமும் நோன். அதற்கடுத்த நாள் காலையிலும் நோன். ஒவ்வொரு தடவையும் பிடி இறுகியது. நகங்கள் என் மணிக்கட்டில் பதிந்தன. யார் கண்ணிலும் படாமல் கையைப் பாவாடை மடிப்பில் மறைத்துக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மசேர் எனக்கு ஒரு பிஸ்கோத்து கொடுத்தார். ஆசையில் கையை நீட்டிவிட்டேன். மணிக்கட்டு கன்றிப்போய், நகம் பட்ட இடத்தில் ரத்தம் கட்டியிருந்தது. மசேர் அதைப் பார்த்தார். மாமாவின் விரல்களைப் பார்த்தார். என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

என்னை எழுப்பிவிட்டு, நான் இருந்த முக்காலியில் அவர் உட்கார்ந்தார். மாமாவின் கைக்குள் தன் கையை வைத்துக் குனிந்து, வலிக்கிறதா என்று பிரெஞ்சில் கேட்டார். விரல்கள் இறுகின. பொறுக்க முடியாத வலியென்றால் இரண்டு தடவை அழுத்தச் சொன்னார். இரண்டு தடவை இறுகின. மசேர் ஊசி மருந்தை எடுக்க ஓடினார்.

“ஊசின்னா மாமாவுக்கும் பயமா இருக்கும்னு நெனச்சேம்மா” என்று வீட்டில் அழுதேன். பொய்யில்லை, ஆனால் பாதிதான் உண்மை. மீதிப் பாதியை இப்போது எழுதும்போதும் வெட்கமாக இருக்கிறது.

மாமா பிழைத்துக்கொண்டார். தாடை மட்டும் கொஞ்சம் கோணிவிட்டது. பேச்சு வந்ததும் பார்க்க வந்தவர்களிடமெல்லாம், “எங்க அக்கா பொண்ணுதான் எங்கூடவே கையப் புடிச்சிக்கினு ஒக்காந்திருந்திச்சி” என்றார். அவருக்கு என் பிரெஞ்சு எங்கே புரிந்திருக்கப்போகிறது என்று நிம்மதியாக இருந்தேன்.

மசேர் கேட்டதை அன்று யாரும் தமிழில் சொல்லவில்லை. ஆனாலும் மாமா சரியாகப் பதில் சொன்னார். மில்லில் பிரெஞ்சு பேசும் வெள்ளைக்கார மேஸ்திரிகளிடம் அத்தனை வருஷம் வேலை பார்த்தவருக்கு, நான் சொன்ன ஒவ்வொரு நோனும் புரிந்துதான் இருந்திருக்கும். அது அன்று எனக்கு உறைக்கவில்லை. மசேர் என் முக்காலியைப் பிடுங்கிக்கொண்டாரே என்ற ஆத்திரத்தில்தான், அந்த விரல்கள் இரண்டு தடவை இறுகியதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.