தோத்தாபுரி சிந்திய சாலையும் இரண்டு ரைடிங் பேண்ட்டும்

சென்ற ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை நானும் என் கணவர் தேவராஜும் திருப்பதியிலிருந்து சித்தூருக்கு பைக்கில் கிளம்பினோம். போக ஏறக்குறைய எழுபது கிலோமீட்டர், வர எழுபது. கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ போகவில்லை. கடும் வெயிலில் ரைடிங் பேண்ட் போட்டுக்கொண்டு அவ்வளவு தூரம் வண்டியில் உட்கார முடியுமா என்று பார்ப்பதற்காகவே போனோம். கிறுக்குத்தனமாகத் தோன்றலாம். காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் இருவருக்கும் சொந்த ஊர் நகரி. வேலைக்காகத் திருப்பதியில் அலிபிரிப் பக்கம் வாடகைக்கு இருக்கிறோம். தேவராஜ் சோலார் பம்ப் பழுது பார்க்கிறவர். வாரத்தில் ஐந்து நாளாவது சித்தூரைச் சுற்றியுள்ள கிராமங்களுக்கு பைக்கில் போக வேண்டும். அதற்கு முந்தைய வருடம் ரேணிகுண்டா பக்கத்தில் நாய் குறுக்கே வந்ததால் விழுந்துவிட்டார். எலும்பு எதுவும் முறியவில்லை. ஆனால் போட்டிருந்தது ஆபீஸுக்குப் போடும் பாலியஸ்டர் பேண்ட். சாலையில் உரசிக்கொண்டு போன சூட்டில் துணி உருகி வலது கெண்டைக்காலில் ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரியில் நர்ஸ் அதைத் தேய்த்து எடுத்தபோது நான் பக்கத்தில் நின்றேன். எது துணி, எது தோல் என்று எனக்குத் தெரியவில்லை. பிறகு தொடையிலிருந்து தோலை எடுத்து அங்கே வைத்துத் தைத்தார்கள்.

அவர் மறுபடி வேலைக்குப் போக ஆரம்பித்ததிலிருந்து பகலில் எனக்கு அறிமுகமில்லாத எண்ணிலிருந்து போன் வந்தால் எடுக்கக் கை வராது. ரைடிங் பேண்ட் வாங்கிப் போடுங்கள் என்று நான் கெஞ்சாத நாள் இல்லை. அவர் மறுத்ததற்கும் நியாயம் இருந்தது.

“தச்ச தோல்ல வேர்வையே வராது கோமளா. டாக்டரே சொன்னாரு இல்ல? அது மேல கனமா ஒண்ணு மாட்டிக்கினு நாள் பூரா சுத்துனா நெருப்பு வெச்ச மாதிரி எரியும். மயக்கம் போட்டு விழுந்தா அதுவும் ஆக்ஸிடென்ட்தானே?”

“நானும் ஒண்ணு போட்டுக்கினு வரேன். உங்க ரூட்ல, உங்க டைம்ல. என்னால முடிஞ்சா நீங்களும் தெனம் போடணும்.”

“முடியலன்னா?”

மறுநாளே அவரைக் கடைக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

பேண்ட்டுகளைத் திருப்பதியிலேயே ஒரு கடையில் வாங்கினோம். அவருக்கு மெஷ் வகை: தொடையின் முன்பக்கம் கொசுவலை போலக் காற்று புகும் துணி, முட்டி, இடுப்பு, கெண்டைக்காலின் வெளிப்பக்கம் கெட்டித் துணி, முட்டியிலும் இடுப்பிலும் உள்ளே தடுப்புப் பட்டை. விலை 6,800 ரூபாய். பெண்களுக்கென்று தைத்தது எதுவும் கடையில் இல்லை. ஆண்கள் அளவிலேயே கறுப்பில் கனமான ஒரு பேண்ட்டை, 5,200 ரூபாய்க்கு, எனக்கு எடுத்தோம். இடுப்பு சரியாக இருந்தது. முட்டியில் தொளதொளவென்று இருந்தது. நின்றபடி கண்ணாடியில் பார்த்துவிட்டுப் போதும் என்று சொல்லிவிட்டேன். ரைடிங் ஜீன்ஸும் காட்டினார்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் காற்றே புகாது போலிருந்ததால் வேண்டாம் என்றோம்.

காலை பத்தரைக்குக் கிளம்பினோம். விடியற்காலையில் போயிருந்தால் சுகமாக இருந்திருக்கும்; ஆனால் தேவராஜ் வேலைக்காக அலைவது உச்சி வெயிலில்தான். சந்திரகிரி தாண்டும்வரை எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. காற்று அடித்தது, பின்சீட்டில் உட்கார்ந்து மலையைப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவருடைய வலது காலையும் பார்த்துக்கொண்டேதான் வந்தேன். அந்தப் பழக்கம் எனக்கு இன்னும் விடவில்லை.

அங்கிருந்து இருபது கிலோமீட்டர் போவதற்குள் என் கால்கள் வேகத் தொடங்கின. வேர்வை முட்டிக்குப் பின்னால் இறங்கி ஷூவுக்குள் போனது. போனில் நாற்பது டிகிரி காட்டியது. சொன்னால் தோற்றுப்போவேன் என்று வாயைத் திறக்கவில்லை. இன்னும் கொஞ்ச தூரம் போனதும் எரிச்சல் குறைந்தது. பழகிவிட்டது என்று நினைத்தேன். அப்போதுதான் கை முடியெல்லாம் சிலிர்த்து நின்றதைக் கவனித்தேன். அந்த வெயிலில் எனக்குக் குளிரடித்தது. கழுத்தைத் தொட்டால் ஈரமே இல்லை. எதிரே வந்த லாரி இரண்டாகத் தெரிந்தது.

“இன்னாங்க, நிறுத்துங்க” என்று அவர் தோளைத் தட்டினேன். குரல் வெளியே வந்ததா என்றுகூடத் தெரியவில்லை.

புளியமரத்தடியில் ஒரு கரும்புச்சாறு வண்டி நின்றது. இறங்கியதும் கால் மடிந்து அப்படியே உட்கார்ந்துவிட்டேன். வண்டிக்காரப் பெண்மணி, “ஏமைந்தி, இன்னா ஆச்சு? வெயில் புடிச்சிக்கிச்சா?” என்று கேட்டுக்கொண்டே ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையிலும் கழுத்திலும் தண்ணீரை ஊற்றினார். தேவராஜ் என் கால் ஜிப்பை இழுத்துத் திறந்தார். “கோமளா, கோமளா” என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் விழுந்து ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட நான் அவரை அப்படிப் பார்த்ததில்லை.

“இன்னா இது, உள்ள பிளாஸ்டிக் கணக்கா ஒண்ணு இருக்குது?”

மழைக்காக உள்ளே மாட்டிவைக்கும் உறை அது. தனி ஜிப்பில் இருந்தது. கடையில் அதைக் கழற்றாமலே கொடுத்திருந்தார்கள், எங்களுக்கும் தெரியவில்லை. ஒரு மணி நேரமாக நான் கால் முழுக்க பிளாஸ்டிக் சுற்றிக்கொண்டு வெயிலில் வந்திருக்கிறேன்.

பெண்மணி உப்புப் போட்ட மோர் கொடுத்தார். சிறுகச் சிறுகக் குடித்தேன். நெற்றியில் மறுபடி வேர்வை வரும்வரை என்னை எழுந்திருக்கவே விடவில்லை. கிட்டத்தட்ட ஒரு மணி நேரம் அங்கேயே இருந்தோம். எனக்குள் ஒரே எண்ணம்தான் ஓடியது. அவருடைய கால் தோலுக்குப் பயந்து நான் போட்ட நிபந்தனையால் வண்டி ஓட்டுகிற அவருக்கு இப்படிக் குளிர் எடுத்திருந்தால் என்னவாகியிருக்கும்? நான் தட்டி நிறுத்தினேன். அவர் தனியாகப் போகும்போது யார் தட்டுவார்கள்?

“கழட்டிடு. பையில சுடிதார் பேண்ட் இருக்குது இல்ல, அத்தப் போட்டுக்கோ” என்றார் தேவராஜ்.

“நான் கழட்டுனா நீங்களும் கழட்டிடுவீங்க.”

“ஆமா. பின்ன? உன் நெலமய பாத்துட்டு இன்னும் போடச் சொல்றியா?”

அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் என்னால் மறுக்க முடியவில்லை. பையைத் திறந்து சுடிதார் பேண்ட்டைக் கையில் எடுத்தேன். மெல்லிய துணி. விரலால் பிடித்தால் அந்தப் பக்கம் தெரிந்தது. ரேணிகுண்டாவில் அவர் போட்டிருந்ததைவிட மெல்லியது. அதைப் பார்த்ததும் நர்ஸ் தேய்த்த சத்தம் காதில் கேட்டது. மடித்து உள்ளேயே வைத்துவிட்டேன்.

“சித்தூர் வரைக்கும் இதுவே இருக்கட்டும். அங்க வெயில் எறங்குற வரைக்கும் ஒக்காந்து பேசிக்கலாம். உங்களுக்கு எப்படி இருக்குது, கால் எரியுதா?”

அவர் காலை நீட்டி மடக்கிப் பார்த்தார். “இல்ல. இதுல காத்து வருது. பட்டை இருக்குற எடத்துல மட்டும் சூடா இருக்குது.”

உறையைக் கழற்றிப் பையில் போட்டோம். வண்டிக்காரப் பெண்மணியிடம் இன்னும் இரண்டு சொம்புத் தண்ணீர் வாங்கி இருவருடைய பேண்ட்டையும் தொடையிலிருந்து கணுக்கால் வரை நனைத்துக்கொண்டோம். வண்டி நகர்ந்ததும் காற்று பட்டுக் கால் ஜில்லென்று ஆனது. இருபது நிமிடம்போல அந்தக் குளிர்ச்சி இருந்தது. பிறகு மறுபடி நிறுத்தி பாட்டில் தண்ணீரை ஊற்றிக்கொண்டோம்.

சித்தூருக்கு இன்னும் பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தது. தேவராஜ் வழக்கமாகப் போகும் கிராமங்கள் பழைய சாலையில் இருப்பதால் அகலச் சாலையை விட்டு அதில் இறங்கியிருந்தோம். ஜூன் மாதம் அந்தப் பக்கம் போகிறவர்களுக்குத் தெரியும்: மாம்பழக் கூழ் ஃபேக்டரிகளுக்கு முன்னால் தோத்தாபுரி மாம்பழம் ஏற்றிய டிராக்டர்கள் வரிசையாகக் காத்துக்கிடக்கும். இடது ஓரம் முழுக்க டிராக்டர்கள். சரிந்து விழுந்த பழங்கள் சக்கரத்தில் நசுங்கிச் சாலையெல்லாம் மஞ்சளாகப் பூசியிருந்தது. வாசனை தூக்கியது. தேவராஜ் வேகத்தை முப்பதுக்குக் குறைத்துவிட்டார்.

வரிசையிலிருந்து ஒரு டிராக்டர் எங்களைப் பார்க்காமல் மூக்கை வெளியே நீட்டியது. அவர் பிரேக் பிடித்தார். பின்சக்கரம் எனக்கடியிலிருந்து விலகிப்போவதை உணர்ந்தேன். அவர் “புடிச்சிக்கோ” என்று சொன்னது பாதிதான் கேட்டது.

வலது பக்கமாக விழுந்தோம். வண்டி எங்களை விட்டுத் தனியாகச் சறுக்கிக்கொண்டு முன்னால் போனது. நான் கைகளை ஊன்றி முட்டி போட்டு உருண்டேன். தேவராஜ் எனக்கு முன்னால், வலது கால் கீழே மடங்கியபடி, மஞ்சள் தாண்டிக் கரடுமுரடான தார் வரைக்கும் உரசிக்கொண்டே போனார். உரசும் சத்தம் நன்றாகக் கேட்டது. அதே கால். எனக்குப் பின்னால் வந்துகொண்டிருந்த இன்னொரு டிராக்டரின் பிரேக் கிறீச்சிட்டது. திரும்பிப் பார்த்தபோது அதன் முன்சக்கரம் என் கைக்கு எட்டும் தூரத்தில் நின்றிருந்தது.

அதன் ஓட்டுநர் குதித்து ஓடி வந்தார். “அம்மா, கதலகண்டி. ஆடாதீங்க, அப்படியே இருங்க. எங்க வலிக்குது?”

“எனக்கு ஒண்ணுமில்ல. அவரப் பாருங்க.”

தேவராஜ் தாமாகவே எழுந்து ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார். நான் நொண்டிக்கொண்டு அவரிடம் போனேன். பேண்ட்டின் வலது பக்கம், கெண்டைக்காலின் மேல், உள்ளங்கை அகலத்துக்குக் கிழிந்திருந்தது. அவர் அதைப் பார்க்காமல் எதிர்ப்பக்க வேலியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“வலிக்குதா?”

“தெரியல. அந்தத் தோல்ல எனக்கு முன்னமே உணர்ச்சி கம்மி. நீ பாரு. நான் பாக்க மாட்டேன்.”

எனக்கும் பார்க்கத் துணிவில்லை. கணுக்காலில் இருந்த ஜிப்பைப் பிடித்தேன். விரலெல்லாம் மாம்பழக் கூழ், வழுக்கியது. ஓட்டுநர் தன் தோள் துண்டைக் கொடுத்தார். துடைத்துக்கொண்டு மெதுவாகத் திறந்தேன். வெளித்துணி கிழிந்திருந்தது. அதற்கடியில் கெட்டித் துணி தேய்ந்து நூல் நூலாக நின்றது. அதையும் விலக்கினேன். தைத்த தோல் சிவந்து போயிருந்தது. தழும்பின் கோடு அப்படியே இருந்தது. ரத்தம் இல்லை.

“இருக்குது. அப்படியே இருக்குது” என்றேன்.

அவர் தலையைக் குனிந்துகொண்டார். தோள் குலுங்கியதை ஓட்டுநர் பார்த்துவிட்டு, எங்களைத் தனியே விட்டு வண்டியைத் தூக்கி நிறுத்தப் போனார்.

ரத்தம் வந்தது எனக்குத்தான். என் முட்டித் தடுப்பு, தொளதொள துணிக்குள் பக்கவாட்டில் சுழன்று போயிருந்ததால், வெறும் துணியோடு முட்டி தரையில் மோதியிருக்கிறது. சித்தூரில் ஒரு கிளினிக்கில் நான்கு தையல் போட்டார்கள். பைக்கைத் தெரிந்தவர் ஒருவரின் ஒர்க் ஷாப்பில் விட்டுவிட்டு, மாலை பஸ்ஸில் திருப்பதி திரும்பினோம். வழியெல்லாம் பஸ் பிரேக் போடும்போதெல்லாம் இருவரும் முன்சீட்டுக் கம்பியைப் பிடித்தோம்.

இப்படி ஒரு பயணம் போக நினைப்பவர்களுக்கு நான் பட்டதிலிருந்து சில விஷயங்கள். வெயிலுக்கு மெஷ் பேண்ட்தான் என் தேர்வு. ஆனால் முழுக்க வலையாக இருப்பதை வாங்காதீர்கள். விழுந்தால் தரையில் படுகிற இடங்களில், அதாவது முட்டி, இடுப்பு, பின்பக்கம், கெண்டைக்காலின் வெளிப்பக்கம், கெட்டித் துணி இருக்க வேண்டும். கடையில் நின்று பார்க்காமல் ஒரு வண்டியில் உட்கார்ந்து பாருங்கள். உட்கார்ந்த நிலையில் முட்டித் தடுப்பைக் கையால் திருகினால் அது நகரக் கூடாது. நகர்ந்தால் அளவு சரியில்லை. தையல்காரரிடம் கொடுத்து உள்ளே பட்டி வைத்து இறுக்கிக்கொள்ளலாம், நான் இப்போது அப்படித்தான் செய்திருக்கிறேன். மழை உறை உள்ளே இருக்கிறதா என்று எல்லா ஜிப்பையும் திறந்து பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். உள்ளே மெல்லிய பருத்தி போதும். பாலியஸ்டர் லெக்கிங்ஸ் வேண்டவே வேண்டாம். பதினொன்றிலிருந்து நான்கு வரை ஓட்டாமல் இருக்க முடிந்தால் அதுதான் நல்லது. முடியாதவர்கள் அடிக்கடி நிறுத்திப் பேண்ட்டை நனைத்துக்கொள்ளுங்கள், உப்புப் போட்ட மோரோ தண்ணீரோ குடியுங்கள். வெயிலில் குளிரெடுத்தாலோ வேர்வை நின்றுவிட்டாலோ அந்த இடத்திலேயே நிறுத்தி நிழலுக்குப் போய்விடுங்கள். இன்னும் கொஞ்ச தூரம் என்று நினைக்காதீர்கள்.

எந்தப் பேண்ட்டும் டிராக்டர் சக்கரத்தைத் தடுக்காது என்பதையும் சொல்ல வேண்டும். அன்று அந்த ஓட்டுநர் கண்ணை எடுக்காமல் சாலையைப் பார்த்து வந்ததால்தான் நான் இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு வாரம் லீவு போட்டுவிட்டு அதற்கடுத்த திங்கட்கிழமை தேவராஜ் வேலைக்குக் கிளம்பினார். கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்ட பேண்ட்டை நான் சொல்லாமலே எடுத்து மாட்டிக்கொண்டார். வாசல் குழாயில் காலை நனைத்துக்கொண்டு, “நிறுத்தி நிறுத்தித்தான் போவேன், லேட்டாகும்” என்றார். வண்டி தெருமுனை திரும்பும்வரை நின்று பார்த்தேன். மலைப் பக்கம் மேகம் கூடியிருந்தது. இனி வெயில் குறையும் என்று எல்லோருக்கும் சந்தோஷமாக இருந்திருக்கும். எனக்கு, தூறல் விழுந்தால் அந்த ஃபேக்டரிச் சாலை இன்னும் எப்படி வழுக்கும் என்றுதான் தோன்றியது.