ஆறாம் படுக்கைக்காரியிடம் பேசிய ஆயா

அந்த ஆஸ்பத்திரியில் அவளை எல்லாரும் ஆயாம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். தீவிர சிகிச்சைப் பிரிவில் அசையாமல் கிடப்பவர்களை இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை புரட்டிப் படுக்க வைப்பது அவள் வேலை. புரட்டாவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். யார் எந்த நிலையில் கிடந்தாலும் ஒரு வார்த்தை சொல்லாமல் மேலே கைவைக்க மாட்டாள். வீட்டில் பேச்சுத் துணைக்கு ஆள் கிடையாது. இருக்கிற பேச்சையெல்லாம் இங்கேதான் செலவழித்தாள்.

"அம்மாடி, இடது பக்கம் திரும்பிக்கலாமா? கை மடங்கிடப் போகுது, பாத்து."

"பதில் வந்தா எனக்கும் சொல்லுங்க ஆயாம்மா" என்பாள் நர்ஸ்.

"உனக்கு இவங்க எவ்வளவோ தேவல. சொல்றத முழுசா கேக்கறாங்க."

ஆறாம் படுக்கையில் கிடந்தவள் ஐந்து மாதக் கர்ப்பிணி. தலைக்குள் ரத்தக்குழாய் வெடித்துப் பன்னிரண்டு நாளாகிறது. மூளை செத்துவிட்டது, இனி எழுந்திருக்க மாட்டாள் என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மெஷின்தான் மூச்சு விட்டது. வயிற்றில் பிள்ளையின் இதயம் மட்டும் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருந்தது. இன்னும் இரண்டு மாதம் இப்படியே வைத்திருந்தால் பிள்ளையை எடுத்துப் பார்க்கலாம். பிழைக்குமா, குறையில்லாமல் இருக்குமா, யாராலும் சொல்ல முடியாது. நிறுத்துவதா வேண்டாமா என்று புருஷன்தான் எழுதிக்கொடுக்க வேண்டும். அவளைப் பெற்றவளோ, "என் பொண்ண வதைக்காதீங்க, அனுப்பி வெச்சிடுங்க" என்று வாசலிலேயே அழுதுகொண்டிருந்தாள்.

புருஷன் வயர்மேன். பார்வை நேரத்துக்கு வேலை உடுப்போடே வந்து, கட்டிலோரம் நின்றுவிட்டுப் போவான். அன்று ஆயாம்மாவிடம் மெதுவாகச் சொன்னான்.

"நாளைக்கு எழுதிக் குடுக்கப் போறேன். அவ எழுந்திருக்கற வரைக்கும் மெஷின் ஓடட்டும்னு."

"டாக்டர் சொன்னாங்களே தம்பி?"

"அவங்க மெஷினப் பாத்துப் பேசறாங்க. நீங்க அவளப் பாத்துப் பேசறீங்க. காது கேக்காதவகிட்ட யாராவது இப்படிப் பேசுவாங்களா?"

ஆயாம்மா கையிலிருந்த துணியைச் சுருட்டிக்கொண்டாள். துணி அலசும் அறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றாள். அவளுக்குக் கேட்காது என்று சொல்லிவிட்டால் இவன் நிறுத்தச் சொல்லிவிடுவானோ? அந்தச் சின்ன உயிரின் பாவம் யார் தலையில் விடியும்? சொல்லாமல் விட்டால், போனவள் வருவாள் என்று காத்திருப்பானே, அது மட்டும் புண்ணியமா? ஆண்டவனே, வாயைக் கொடுத்தவன் நீ, வழியையும் நீயே காட்டு என்று வேண்டினாள். குழாய் கொட்டிக்கொண்டே இருந்தது. வேறு சத்தமில்லை. முகத்தைக் கழுவிக்கொண்டு வெளியே வந்தாள்.

"தம்பி, கோவிச்சுக்காதீங்க. நான் எல்லார்கிட்டயும் பேசுவேன். செத்தவங்க உடம்பத் தொடைக்கறப்பவும் பேசுவேன். எனக்கு அது பழக்கம். அவங்களுக்குக் கேக்கறதுன்னு இல்ல."

"அன்னிக்கு நான் வந்ததும் அவ முகம் தெளிஞ்சிடுச்சுன்னு சொன்னீங்களே?"

"அப்பதான் முகத்தத் தொடச்சு விட்டிருந்தேன். நீங்க நின்ன நிலையப் பாத்து மனசு கேக்கல. சொல்லிட்டேன். தப்புதான்."

அவன் மெஷின் பக்கம் திரும்பினான்.

"அப்ப பன்னெண்டு நாளா இங்க நான் மட்டும்தான் நின்னுட்டு இருந்திருக்கேன்."



மறுநாள் அவன் எழுதிக்கொடுத்தான். பிள்ளைக்காக மெஷின் ஓடலாம். பிள்ளையின் இதயம் நின்றால் அந்த நிமிஷமே நிறுத்திவிட வேண்டும். கையெழுத்துப் போட்டதிலிருந்து மாமியார் அவன் முகத்தில் விழிக்கவில்லை. அவன் ஆயாம்மாவிடம் வந்தான்.

"ஒண்ணு கேக்கறேன். இனிமே அவகிட்ட பேசாதீங்க ஆயாம்மா. காதுல விழுந்தா மறுபடியும் நம்பிடுவேன்."

"சரிப்பா."

அவன் வராத நேரத்தில் பேசினால் யாருக்குத் தெரியப்போகிறது? ஆனாலும் சொன்ன சொல் சொன்னதுதான். வாயை இறுக்கிக்கொண்டு தோளைப் பிடித்தாள், இடுப்பைப் பிடித்தாள், வயிறு நசுங்காமல் தலையணை வைத்துப் புரட்டினாள். மற்றப் படுக்கைகளுக்குப் போனபோதும் பேச்சு வரவில்லை. நர்ஸ்கூட, "உடம்புக்கு முடியலையா?" என்று கேட்டாள்.

வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் கண்டக்டர், "எங்கம்மா?" என்றார். இறங்கும் இடத்தைச் சொல்ல வாய் திறந்தாள். காற்றுதான் வந்தது. கனைத்துக்கொண்டு இரண்டாம் தடவை சொன்னாள்.