கால் படாத மூன்று வண்டிகள்

பேருந்து நிலையத்துக்கு வெளியே இருந்த ஆட்டோ நிறுத்தத்தில் அப்போது மூன்று பெண்கள் வண்டி ஓட்டினார்கள். மற்ற எல்லோரும் ஆண்கள். எதிரே இருந்த டீக்கடையில்தான் நான் காலையில் பேப்பர் படிப்பேன். செய்தியாளர் வேலையில் ஒட்டிக்கொண்ட பழக்கம், பேப்பரைவிடத் தெருவைத்தான் அதிகம் பார்ப்பேன்.

வரிசையில் முதல் வண்டிக்குத்தான் சவாரி. அது சங்கத்தின் விதி. முதல் வண்டி கிளம்பியதும் மற்றவை முன்னே நகர வேண்டும். நகராத வண்டியைத் தாண்டிப் போகலாம், அதற்கு முறை போய்விடும். டீ குடிக்கவோ சுவரோரம் ஒதுங்கவோ போகிறவர் வண்டியை நியூட்ரலில் விட்டுப் போவார். பின்னால் இருப்பவர் தன் இருக்கையிலிருந்தே காலை நீட்டி, முன்வண்டியின் பின்புறத்தில் வைத்துத் தள்ளிக்கொண்டு வருவார்.

பெண்களின் வண்டிகளை மட்டும் யாரும் தள்ளவில்லை. பெண்கள் கழிப்பறை நிலையத்தின் அடுத்த கோடியில் இருந்தது. போய் வருவதற்குள் வரிசை அவர்களைத் தாண்டியிருக்கும். கீழ்பென்னாத்தூர் பக்கத்திலிருந்து மனு கொடுக்கக் கூட்டம் வந்து இறங்கும் திங்கள்கிழமைகளில்கூட, கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்காலுக்குச் சவாரி அவர்களுக்குக் கிடைப்பது அபூர்வம். மூவரில் மூத்தவர் வண்டியில் இருக்கும்போது தண்ணீர் குடிப்பதையே விட்டுவிட்டார். சிறுநீர்த் தொற்று வந்து சில நாள் படுத்தார். திரும்பி வந்ததும் சங்கத் தலைவரிடம் முறையிட்டார்.

"சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதாம்மா. கூட்டத்துல வெக்கிறேன், கை தூக்கிப் பாத்துக்கலாம்" என்றார் தலைவர்.

கூட்டம் டீக்கடை வாசலில்தான் நடந்தது. நான் பெஞ்சை விட்டுக்கொடுத்து ஓரமாக நின்றேன். அந்தப் பெண் எழுந்தார்.

"கை தூக்கறதுன்னா நாங்க இப்பவே வூட்டுக்குப் போயிடறோம் தலைவரே. எத்தினி கூட்டம் போட்டாலும் எங்களுக்கு மூணு கைதான்."

"அதுக்கு இன்னா பண்ணச் சொல்ற?"

"நீங்க அவங்களுக்கு மட்டும் தலைவரா, எங்களுக்கும் தலைவரா? அதச் சொல்லுங்க, போதும்."

"போஸ்டர்ல எல்லாருக்கும் தலைவர்தாங்க்கா" என்றது பின்னாலிருந்து ஒரு குரல். சிரித்தார்கள். தலைவர் சிரிக்கவில்லை. ஆண்கள் பக்கம் திரும்பி, "ஏம்பா, இவங்க வண்டியத் தள்ளினா இன்னா?" என்று கேட்டார்.

பெரும்பாலும் அந்தப் பெண்ணின் வண்டிக்குப் பின்னால் நிற்கும் ஓட்டுநர் தயங்கித் தயங்கிச் சொன்னார். "பொம்பளைங்க வண்டியப் போயி கால்ல எப்படித் தள்றது தலைவரே? மரியாதையா இருக்குமா? நாளைக்கு அவங்க வூட்டுக்காரரு வந்து கேட்டா?"

"நீ குடுத்த மரியாதைக்குத்தான் நான் ஆஸ்பத்திரில ஊசி போட்டுக்கினு வந்தேன்" என்றார் அந்தப் பெண். "கால்லயே தள்ளு சாமி."

கையால் தள்ளலாமே என்றார் ஒருவர். அதற்கு இறங்க வேண்டும், இறங்கினால் தள்ளுகிறவரின் வண்டியை யார் நகர்த்துவது என்றார் இன்னொருவர். சற்று நேரம் பேச்சு அதிலேயே சுற்றியது.

தலைவர் கை தூக்கச் சொல்லவில்லை. "இனிமே தள்ளணும். தள்ளாம தாண்டறவன் கடைசிக்குப் போவான். அவ்ளோதான்" என்றார். மூணு பேருக்காக ஒரு சட்டமா என்று கலையும்போது சிலர் முணுமுணுத்தது எனக்குக் கேட்டது. ஆண்களுக்கு ஏற்கெனவே நடந்துவந்ததுதான் அது.

அடுத்த திங்கள்கிழமை அந்தப் பெண் வண்டியை நியூட்ரலில் விட்டு நிலையத்துக்குள் போனார். முன்னால் நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாகக் கிளம்பின. பின்னால் இருந்த அதே ஓட்டுநர் இருபக்கமும் பார்த்தார். வலது செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலை நீட்டி, அந்த வண்டியை மெதுவாகத் தள்ளினார்.

அந்தப் பெண் திரும்பியபோது வண்டி முதலிடத்தில் இருந்தது. கையில் மனுவோடு ஒரு கிழவரும் அவர் மகளும் ஏறினார்கள். வேங்கிக்கால் என்றார்கள். வண்டி கிளம்பியது. பின்னால் இருந்தவர் குனிந்து, தள்ளிவந்த தூரத்தில் எங்கேயோ விழுந்துவிட்ட செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.