மச்சினன் என்கிற வசவு

தொண்ணூறுகளின் தொடக்கத்தில் அப்பாவுக்கு வங்கியில் பதவி உயர்வு கொடுத்துக் கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். டாக்குரியாவில் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் குடியேறினோம். சமஸ்கிருதம் தெரிந்தவனுக்கு வங்காள மொழி ஒரு மாதத்துப் படிப்பு என்று அப்பா அறிவித்தார். மாதம் முடிந்ததும், தான் தேறிவிட்டதையும் அவரே அறிவித்துக்கொண்டார்.

மினி பஸ்ஸில் அவர் காதில் ஓயாமல் விழுந்த சொல் ‘ஷாலா’. கண்டக்டர் லாரிக்காரனைச் சொன்னார். லாரிக்காரன் ரிக்‌ஷாக்காரனைச் சொன்னான். ஆபீஸில் ஒரு கிளார்க்கிடம் அர்த்தம் கேட்டிருக்கிறார். அவர் கொஞ்சம் நெளிந்துவிட்டு, மனைவியின் தம்பி என்றாராம். நெளிந்ததை அப்பா பொருட்படுத்தவில்லை.

“எவ்வளவு நாகரிகமான ஊர் பாரு,” என்று அம்மாவிடம் சொன்னார். “சண்டை போடறச்சேகூட உறவு சொல்லித்தான் கூப்பிடறான்.”

அம்மாவுக்கு நிஜமாகவே ஒரு தம்பி இருந்தார். கிடர்பூர் துறைமுகத்தில் சுங்க இலாகா வேலை. எங்களுக்கு முன்பே பல வருடமாக அந்த ஊரில் இருந்தவர். அந்த வருட துர்க்கா பூஜைக்கு எங்கள் தெருப் பந்தலைப் பார்க்கக் கஞ்சி போட்ட ஜிப்பாவில் வந்தார். பந்தல் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த பெரிய மனிதர்கள் முன்னால் அப்பா அவரைத் தோளில் கைபோட்டு நிறுத்தி, சுத்தமான உச்சரிப்பில், “இனி ஆமார் ஷாலா” என்றார். இவர் என் மச்சினர் என்று மரியாதையாகச் சொன்னதாக நினைப்பு.

எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தன் வங்காள மொழிக்குக் கிடைத்த பாராட்டென்று அப்பா இன்னொரு தடவை சொன்னார்.

வீடு திரும்பும் வழியில் மாமா வெடித்தார். “அத்திம்பேர், அது கெட்ட வார்த்தை!”

“மச்சினன்ங்கறது எப்படிடா கெட்ட வார்த்தை ஆகும்? நீ என் மச்சினன்தானே?”

“நான் மச்சினன்தான். ரோட்டுல போறவனை மச்சினன்னா என்ன அர்த்தம்? அவன் அக்காவை நான்…” அம்மா கூட வருவது ஞாபகம் வந்து நிறுத்திக்கொண்டார்.

அம்மா நிறுத்தவில்லை. “ஆக, திட்டு வாங்கறது அவன். மானம் போறது ஆத்துல சிவனேன்னு இருக்கற அக்காவுக்கு. பேஷ்!”

மாமா தீபாவளிக்கு வரவில்லை. பொங்கலுக்கும் வரவில்லை. வாக்கியத்தில் இலக்கணப் பிழை இல்லாதபோது மன்னிப்பு எதற்கு என்பது அப்பாவின் கட்சி. கடைசியில் அம்மாதான் முறுக்கு டப்பாவோடு கிடர்பூருக்கு பஸ் ஏறினாள். “மானம் போனது எனக்கு. நானே விட்டுட்டேன், உனக்கென்னடா?” என்று கேட்டுக் கையோடு அழைத்துவந்தாள்.

இரண்டாயிரம் பிறந்து நான் கல்லூரிக்குப் போனபோது அந்தச் சொல் சொந்தபந்தங்களை எல்லாம் துறந்துவிட்டிருந்தது. ஒருநாள் தொப்பலாக நனைந்து வந்து, “ஷாலா, என்ன மழை!” என்றேன். அப்பா பேப்பரை இறக்கினார்.

“மழை யாருக்குடி மச்சினன்?”

“அது சும்மா ஒரு வார்த்தைப்பா. இப்பல்லாம் யாரும் திட்டறதுக்கு அதைச் சொல்றதில்ல. நெருங்கின ஃப்ரெண்டைத்தான் சொல்வோம்.”

“அப்போ திட்டறதுக்கு என்ன சொல்வேள்?”

ஒன்றே ஒன்று சொன்னேன். பேப்பர் மறுபடி மேலே போய்விட்டது.

சில வருடம் கழித்து ஹவுராக்காரர் ஒருவரை, ஒரு வங்காளியை, கல்யாணம் செய்துகொண்டேன். என் தம்பி முறைப்படியே ஷாலா ஆனான். கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையின் நண்பர்கள் “ஏய் ஷாலா!” என்று அவனைக் கட்டிக்கொண்டார்கள். அவனும் பல்லெல்லாம் தெரிய அதையே திருப்பிச் சொன்னான். அப்பா கவலையோடு மாமா பக்கம் சாய்ந்தார்.

“இது உறவா, திட்டா, சிநேகமா?”

“மூணும்தான் அத்திம்பேர். நீங்க வாயத் திறக்காம இருங்கோ.”

என் கணவருக்கும் தமிழில் ஒரு நல்ல வசவு வேண்டியிருந்தது. மாமனாரிடமே கேட்டார். அப்பா வெகுநேரம் யோசித்து, ‘அசடு’ என்று எடுத்துக் கொடுத்தார். அம்மா கொஞ்சும்போது அப்பாவை அப்படித்தான் அழைப்பாள் என்பதை மட்டும் சொல்லவில்லை. மாப்பிள்ளை பல வருடம் ஹவுரா பாலத்தில் கார் கண்ணாடியை இறக்கி, குறுக்கே வந்த லாரிக்காரர்களைப் பார்த்து, நரம்பு புடைக்க, “அசடு! அசடு!” என்று கத்திக்கொண்டிருந்தார்.